துவாக்குடி ஷெட்ல ஒரு 6ஜி டெஸ்ட்: ரெண்டு தடவை ஃபெயில் ஆன பையனோட கேஸ்

திருச்சி பக்கம் துவாக்குடியில இருக்கற எங்க ஃபேப்ரிகேஷன் ஷெட்ல ஒரு அப்ரென்டிஸ் பையன் 6ஜி வெல்டிங் டெஸ்ட்ல, அதாவது சாய்ச்சு வச்ச பைப்புல அடிக்கற டெஸ்ட்ல, ரெண்டு தடவை ஃபெயில் ஆனான், மூணாவது தடவை பாஸ் பண்ணான். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல 11 வாரம். அந்த 11 வாரத்துல என்ன பார்த்தோம், என்ன மாத்துனோம்னு முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு, ஏன்னா அவன் ஃபெயில் ஆன அன்னைக்கு ஃபோர்மேன்ல இருந்து ஸ்டோர்ஸ் அண்ணன் வரைக்கும் எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தைதான், "அவனுக்கு கை வரல". நானும் அன்னைக்கு தலையாட்டிட்டேன். இப்ப யோசிச்சா அது எவ்வளவு பெரிய தப்புன்னு புரியுது. கை வரலன்னு சொல்லிட்டா அதோட கதை முடிஞ்சிடுது, யாரும் எதையும் தேட வேண்டியதில்ல. தேடினப்பதான் தெரிஞ்சுது, பாதி தப்பு எங்க கிட்ட இருந்துச்சு.

ஊரைப் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம். திருச்சியில வெல்டிங்னா அது பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ், BHEL) கம்பெனியால வந்தது. 1960கள்ல செக்கோஸ்லோவாக்கியா உதவியோட திருவெறும்பூர்ல பாய்லர் பிளான்ட் வந்துச்சு, அதுக்கு வேலை செஞ்சு குடுக்க சுத்தி துவாக்குடி, அரியமங்கலம் பக்கமெல்லாம் சின்ன சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்டுங்க முளைச்சுது. 1975ல வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டும் இங்கயே வந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு தெருவுல நாலு வீட்டுல ஒருத்தராவது வெல்டரா இருப்பாங்க. அப்புறம் தெர்மல் பவர் ஆர்டர் கொறைஞ்சதும் எத்தனையோ ஷெட்டு பூட்டுப் போட்டாங்க, இருக்கறவங்க சர்க்கரை ஆலை, ரிஃபைனரி, கெமிக்கல் பிளான்ட்டுன்னு வேற வேலைக்கு மாறிட்டாங்க. வேலை மாறினாலும் டெஸ்ட் மாறல. ஹை பிரஷர் பைப்புல கை வைக்கணும்னா 6ஜி வேணும். கல்ஃபுக்கு ஷட்டவுன் வேலைக்கு (பிளான்ட்டை நிறுத்திட்டு பண்ற ரிப்பேர் வேலை) போகணும்னாலும் முதல் கேள்வி "6ஜி இருக்கா?"

6ஜின்னா என்ன? பைப்பை 45 டிகிரி சாய்ச்சு அசையாம பூட்டிருவாங்க, 5 டிகிரி முன்ன பின்ன இருக்கலாம், அவ்வளவுதான். பைப்பு சுத்தாது, நாமதான் சுத்தணும். ஒரே ஜாயின்ட்ல ஃபிளாட், வெர்டிகல், ஓவர்ஹெட் எல்லாம் சாஞ்ச நிலையில மாறி மாறி வரும். கடிகார முள்ளு மாதிரி இடம் சொல்லுவோம், மேல 12 மணி, கீழ 6 மணி. டெஸ்ட்டுக்கு அடிக்கற துண்டை கூப்பன்னு சொல்லுவோம், எங்க கூப்பன் 6 இன்ச் ஷெட்யூல் 80 பைப்பு, வெளி விட்டம் 168.3 மில்லி, கனம் 10.97 மில்லி. ரூட்டும் (உள் விளிம்புல அடிக்கற முதல் லேயர்) ஹாட் பாஸும் (அதுக்கு மேல ரெண்டாவது லேயர்) டிக்ல, அதாவது ஆர்கான் வாயு வெல்டிங்ல, மேல ஃபில்லிங் (நடு லேயருங்க), கேப்பிங் (கடைசி மேல் லேயர்) எல்லாம் 7018 ராடுல. அடிச்சு முடிச்சதும் முதல்ல கண்ணால பார்ப்பாங்க, அப்புறம் எக்ஸ்ரே, இல்லன்னா பட்டை பட்டையா வெட்டி யு மாதிரி வளைச்சுப் பார்ப்பாங்க. வளைச்ச இடத்துல 3 மில்லிக்கு மேல வாய் திறந்தா ஃபெயில்.

இப்ப பையன். லால்குடி பக்கம் கிராமம். அப்பா இல்ல, அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க. பத்தாவது முடிச்சுட்டு ஐடிஐ வெல்டர் ட்ரேடு, ஒரு வருஷ கோர்ஸ், எட்டாவது பாஸே போதும் அதுக்கு, அதனாலேயே நெறைய பேர் அதை மட்டமா நெனைக்கறாங்க, எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நல்லா எழுதிருந்தான், சர்டிஃபிகேட்ல மார்க் இருக்கு. ஆனா அங்க அவன் அடிச்சதுல பெரும்பாலும் 6013ங்கற சாதாரண ராடுல தரையில வச்ச பிளேட்டுதான். டிக் மெஷின் இருந்துச்சாம், ஆர்கான் சிலிண்டர் பாதி நாள் காலியாம். வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது, 20 பசங்களுக்கு இவ்வளவு ராடு, இவ்வளவு பிளேட்டுன்னு அளந்து குடுத்தா அவர் என்ன செய்வார்.

எங்க ஷெட்டுக்கு அப்ரென்டிஸா வந்தப்ப அவனுக்கு 19 வயசு. 1961 அப்ரென்டிஸ் சட்டம், அதுக்கு 2019ல வந்த விதிப்படி அப்ப ஐடிஐ முடிச்சவனுக்கு கொறைஞ்சபட்சம் மாசம் 7000 ரூபா ஸ்டைபெண்ட், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 1500 ரூபா அரசாங்கம் குடுக்கும்னு இருந்துச்சு. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல அப்ரென்டிஸ் எடுத்தே ஆகணும். எடுக்கறாங்க. எடுத்து என்ன செய்யறாங்கங்கறதுதான் கேள்வி.

எட்டு மாசம் அவன் என்ன பண்ணான்னு நான் பின்னாடி உக்காந்து கணக்குப் போட்டேன். கிரைண்டிங், ஃபிட்டருக்கு பைப்பு தூக்கறது, ஸ்லாக் (வெல்டு மேல படியற கசடு) தட்டறது, டீ வாங்கறது. சாயங்காலம் மிஷின் சும்மா இருந்தா ஸ்கிராப் பிளேட்ல கொஞ்சம் ராடு அடிப்பான். பைப்பு கூப்பன்னு முழுசா ரூட்ல இருந்து கேப் வரைக்கும் அவன் அடிச்சது எட்டு மாசத்துல அஞ்சு. அஞ்சே அஞ்சு. அந்த அஞ்சுலயும் ஒண்ணைக்கூட வெட்டி உள்ள பார்க்கல, ஃபோர்மேன் வெளிய பார்த்துட்டு "பரவால்ல"ன்னு சொல்லி ஸ்கிராப்ல போட்டுட்டார். நான் அந்த ஷெட்ல குவாலிட்டி பார்க்கறவன், நானும் எட்டு மாசமா அதை கவனிக்கல.

முதல் டெஸ்ட்

ஒரு ஆர்டருக்கு அவசரமா இன்னொரு வெல்டர் தேவைப்பட்டுச்சு, ஓனர் "பையன உக்கார வை, பார்ப்போம்"னார். கேப், அதாவது மேல் லேயர், பார்க்க அழகா இருந்துச்சு, சத்தியமா சொல்றேன், மீன் செதில் அடுக்கின மாதிரி. எல்லாரும் பாஸ்னே நெனச்சோம். எக்ஸ்ரே ஃபிலிம் வந்துச்சு. 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவுல ரூட் நடுவுல கருப்பா ஒரு பட்டை, அதாவது உள்பக்கம் குழி விழுந்திருக்கு, நாங்க சக் பேக்னு சொல்லுவோம். கூடவே டேக் (பைப்பை பிடிச்சு நிறுத்த முதல்ல வைக்கற சின்ன வெல்டு) அடிச்ச ரெண்டு இடத்துல மெல்லிசா கோடு, ஃபியூஷன் ஆகல, உருகி ஒட்டல.

ரெண்டாவது டெஸ்ட்

ஒரு வாரம் கழிச்சு, எந்த பயிற்சியும் குடுக்காம, "இந்த தடவை கவனமா அடி"ன்னு மட்டும் சொல்லி மறுபடி உக்கார வச்சாங்க. ஐப்பசி மழை சமயம். கீழ குழி கொறைஞ்சிருந்துச்சு, ஆனா ஃபில்லிங்ல கொத்துக் கொத்தா போரோசிட்டி (குமிழ் ஓட்டைங்க), ரூட்லயும் 3 மணி பக்கம் பின்ஹோல், ஊசி ஓட்டை. பையன் ஃபிலிமை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு ஒண்ணுமே பேசல. மறுநாள் வேலைக்கு வரல. அவங்கம்மா போன் பண்ணி, "சார், தம்பி சாப்பிடவே மாட்டேங்கறான், அவனுக்கு இந்த வேலை வேணாம்னா சொல்லிடுங்க, நான் வேற ஏதாவது பார்க்கறேன்"னாங்க. அந்த போனுக்கு அப்புறம்தான் நான் இதை ஒரு கேஸா எடுத்துக்கிட்டேன். டேங்க் லீக் ஆனா காரணம் தேடி ரிப்போர்ட் எழுதறோம், ஒரு பையன் ஃபெயில் ஆனா எழுத மாட்டோமா?

என்ன கண்டுபிடிச்சோம்

முதல்ல அவன் உக்கார்ற இடத்துல நானே உக்காந்தேன். ஷீல்டைப் போட்டேன். ஒண்ணுமே தெரியல. எங்க ஷெட்ல ஹெல்பர் பசங்களுக்கு குடுக்கற பழைய ஷீல்டு அது, முன்னாடி இருக்கற வெள்ளை கிளாஸ் முழுக்க ஸ்பேட்டர் (தெறிச்ச உலோகத் துளி) ஒட்டி அம்மை போட்ட மாதிரி இருக்கு, அதுக்குப் பின்னாடி இருந்த கருப்புக் கிளாஸ் 13 நம்பர், நம்பர் கூடக் கூட கருப்பும் கூடும். டிக் ரூட்டுக்கு அவன் வச்சிருந்தது 90 ஆம்ப்ஸ் சுமார், அதுக்கு 10 நம்பர் போதும். ரூட் அடிக்கறப்ப வெல்டர் பார்க்க வேண்டியது ஆர்க்கை, அந்த மின் வெளிச்சத்தை இல்ல, ஆர்க்குக்கு முன்னாடி ரெண்டு விளிம்பும் உருகி ஒரு சின்ன துவாரம் திறக்கும், கீஹோல், அதைத்தான் பார்க்கணும். அது இருந்தாதான் உள்ள வரைக்கும் உருகுதுன்னு அர்த்தம். இந்தப் பையன் எட்டு மாசமா கீஹோலைப் பார்த்ததே இல்ல! "என்னடா தெரியுது உனக்கு?"ன்னு கேட்டேன். "பச்சையா ஒரு வெளிச்சம் தெரியும்ணே, அது நகர்ற வேகத்தை வச்சு அடிப்பேன்"னான். எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. ஒரு வெள்ளை கிளாஸ் விலை ஒரு டீ விலைதான் இருக்கும்.

ரெண்டாவது, ஸ்டாண்டு. எங்க டெஸ்ட் ஸ்டாண்டை பல வருஷம் முன்னாடி ஃபோர்மேன் உயரத்துக்கு வெல்டு பண்ணி வச்சது. ஃபோர்மேன் ஆறடி, பையன் அஞ்சடி மூணு. 6 மணி இடத்துக்கு வரப்ப ஃபோர்மேனுக்கு டார்ச் நெஞ்சு உயரத்துல இருக்கும், இவனுக்கு முகத்துக்கு மேல. கையை ஊனறதுக்கு இடமில்லாம அந்தரத்துல வச்சு அடிச்சிருக்கான். வெல்டிங் விதிப் புத்தகம் (கோடு) சாய்வைத்தான் சொல்லுது, உயரத்தை அடிக்கறவன் வசதிக்கு வச்சுக்கலாம், இது எங்களுக்கு தெரிஞ்சும் யாரும் மாத்தல.

மூணாவது ரூட்டோட சங்கதி. 12 மணி பக்கம் உருகின உலோகம் தன் எடையில உள்ள இறங்கும், ரூட் தானா உள்ள புடைச்சு நிக்கும். 6 மணியில அதே எடை நம்ம பக்கம் இழுக்கும், உள்பக்கம் பள்ளம் விழும். அதனால கீழ அடிக்கறப்ப உருக்கி நிரப்பற கம்பியை வெளிய இருந்து தொட்டுத் தொட்டு வைக்கக்கூடாது, ரெண்டு பைப்புக்கும் நடுவுல விடற இடைவெளி (இதையும் கேப்னுதான் சொல்லுவோம்) வழியா உள்ள விட்டு உள் விளிம்புல வச்சு ஊட்டணும், ஆர்க் ரொம்ப குட்டையா இருக்கணும், உருகின உலோகக் குளம் சின்னதா இருக்கணும். இவன் கேப் வச்சது 2 மில்லி, கம்பி 2.4 மில்லி. கம்பி உள்ள போக வழியே இல்ல. 3 மில்லி வேணும். ஏன் 2 வச்சேன்னு கேட்டா, "ஃபிட்டர் அண்ணன் சின்ன கேப் இருந்தா ஓட்டை விழாதுன்னு சொன்னார்"ங்கறான். அதுவும் உண்மைதான், ஓட்டை விழாது, உள்ள உருகவும் உருகாது. இதுக்கு மேல ஹாட் பாஸை கூடுதல் ஆம்ப்ஸ்ல நிறுத்தி நிறுத்தி அடிச்சிருக்கான், அதுல ரூட் மறுபடி உருகி இன்னும் கீழ தொங்கிருக்கு. டேக்கோட ரெண்டு முனையையும் கிரைண்டர்ல சரிவா மெலிசாக்கிட்டுதான் ரூட் அதுல ஏறணும், அதுவும் செய்யல, யாரும் சொல்லித் தரல.

நாலாவது, ரெண்டாவது டெஸ்ட்ல வந்த போரோசிட்டி. அதுக்கும் அவன் கைக்கும் சம்பந்தமே இல்லன்னு இப்ப அடிச்சு சொல்றேன். டெஸ்ட் ஸ்டாண்டுக்கு பத்தடி தள்ளி ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு, 3 மணி பக்கமா காத்து. ஆர்கான் ஒரு மெல்லிய போர்வை மாதிரி, காத்து பட்டா விலகிடும், பின்ஹோல் அங்க வந்ததுல ஆச்சரியமில்ல. ஃபில்லிங்ல வந்தது ராடால. 7018ல 70ங்கறது 70,000 பிஎஸ்ஐ பலம், 1ங்கறது எல்லா பொசிஷனுக்கும், 8ங்கறது லோ ஹைட்ரஜன், அதாவது ஹைட்ரஜன் கொறைவான கோட்டிங். அந்த லோ ஹைட்ரஜன் இருக்கணும்னா ராடு காஞ்சிருக்கணும். பாக்கெட் பிரிச்சு வெளிய கிடந்தா 300 டிகிரிக்கு மேல ஓவன்ல ஒரு மணி, ரெண்டு மணி நேரம் சுட்டு, அப்புறம் போர்ட்டபிள் ஓவன்ல சூடா வச்சு ஒவ்வொண்ணா எடுத்து அடிக்கணும். மழை நேரத்துல இன்னும் கவனம் வேணும். அன்னைக்கு மதர் ஓவன், அதாவது ராடு சுடற பெரிய ஓவன், கரண்ட் பில்லுக்கு பயந்து ஆஃப்ல இருந்துச்சு. பையனுக்குக் குடுத்தது மேசை மேல ரெண்டு நாளா கிடந்த ராடு. சீனியர் வெல்டர்னா "சூடான ராடு குடு"ன்னு சத்தம் போட்டிருப்பார், அப்ரென்டிஸ் எப்படி கேப்பான்?

11 வாரம்

ஓனர் கிட்ட இதையெல்லாம் எழுதிக் குடுத்து, தினமும் சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் பையனுக்கு மிஷின் வேணும்னு கேட்டேன். பைப்பு விலைதான் அவருக்கு கவலை. அதுக்கு ஒரு வழி இருந்துச்சு. கட்டிங்ல மிஞ்சற துண்டுங்க, 100 மில்லி நீளம் இருந்தாலே போதும், லேத்துல பிவெல் போட்டு (விளிம்பை சரிவா சீவி) ரெண்டை சேர்த்தா கூப்பன் ஆச்சு. அடிச்சு, வெட்டிப் பார்த்துட்டு, மறுபடி பிவெல் போட்டு திரும்ப அடிக்கலாம், துண்டு குட்டையாகற வரைக்கும்.

முதல் மூணு வாரம் முழு ஜாயின்டே கிடையாது. 5 மணியில இருந்து 7 மணி வரைக்கும் ரூட் மட்டும். அடி, ஆற விடு, பைப்புக்குள்ள டார்ச் லைட் அடிச்சுப் பாரு, விரலை விட்டுத் தடவு. பையன் ஒரு 80 பக்க நோட்டுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதணும்: கேப், ஆம்ப்ஸ், உள்ள என்ன இருந்துச்சு. முதல் பக்கத்துல "பள்ளம், பள்ளம், பள்ளம், ஓட்டை, பள்ளம்"னே இருக்கும். 17வது வரியில "கொஞ்சம் சமம்"னு எழுதிருக்கான். அன்னைக்கு அவன் விரலை உள்ள விட்டு தடவிட்டு என் விரலையும் இழுத்து விட்டான், "அண்ணே, பள்ளம் இல்லண்ணே, தொட்டுப் பாருங்க". ரூட் இன்னும் லேசா சூடா இருந்துச்சு. ஒரு நெல்லு அளவுகூட உள்ள புடைக்கல, ஆனா பள்ளம் இல்ல. அந்த நிமிஷம் எனக்கு மறக்காது.

நாலாவது வாரத்துல இருந்து பெண்ட், அதான் வளைச்சுப் பார்க்கற டெஸ்ட். எங்ககிட்ட பெண்ட் டெஸ்ட் மிஷின் கிடையாது, ஹைட்ராலிக் ஜாக்கை வச்சு ஒரு ஜிக் (பட்டையைப் பிடிச்சு வளைக்கற அமைப்பு) பண்ணோம். பட்டையை வெட்டி, ஓரத்தை தேய்ச்சு, ரூட் வெளிப்பக்கம் வர்ற மாதிரி வச்சு மெல்ல அழுத்தணும். முதல் பட்டை பாதி வளையறப்பவே டேக் இருந்த இடத்துல "டக்"னு வாய் திறந்துச்சு. நான் எதுவும் விளக்கம் சொல்லல, சொல்ல வேண்டிய தேவையே இல்ல. அவனே கட்டைவிரலால அந்த விரிசலை தடவிப் பார்த்துட்டு, பைப்புல டேக் எங்க இருந்துச்சோ அந்த இடத்தோட சேர்த்துப் பார்த்தான். அன்னையில இருந்து டேக்கை அவன் தேய்க்கற மாதிரி எங்க சீனியர் வெல்டருங்ககூட தேய்க்கறதில்ல. எக்ஸ்ரே ஃபிலிம்ல வர்ற கருப்புக் கோடு ஒரு பையனுக்கு ஒண்ணும் சொல்லாது, தன் கையால அடிச்சது தன் கண்ணு முன்னாடி கிழியறது எல்லாத்தையும் சொல்லிடும். வெல்டிங் கத்துக் குடுக்கற எந்த இடத்துலயும் வெட்டி வளைச்சுப் பார்க்க ஒரு ஜிக் இல்லன்னா அங்க பாதிதான் கத்துக் குடுக்கறாங்கன்னு நான் சொல்லுவேன்.

நடுவுல ஒரு ராத்திரி அவன் போன் பண்ணி, கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியுதுண்ணேன்னு அழுதான். பக்கத்துல வேற யாரோ ராடு வெல்டிங் அடிக்கறப்ப ஷீல்டு இல்லாம நின்னுருக்கான். உருளைக்கிழங்கு வெட்டி வைக்கறதுதான் நம்ம பக்கம் வழக்கம், நான் கண் டாக்டர் கிட்ட போகச் சொன்னேன், ரெண்டு நாள்ல சரியாச்சு. அதுக்கப்புறம் தடுப்பு ஸ்கிரீன் வச்சோம். இன்னொன்னும் சொல்லணும், வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு 2017லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு உறுதியா சொல்லிடுச்சு. ஃபேனை நிறுத்தினா ஆர்கானுக்கு நல்லது, மூச்சுக்கு கெட்டது. அதனால ஃபேனை அணைச்சதோட விடாம புகையை இழுக்கற ஒரு ஹோஸை மேல தொங்க விட்டோம். 19 வயசு பையன் இன்னும் 35 வருஷம் இந்தப் புகையிலதான் நிக்கப் போறான்.

ஏழாவது வாரத்துல இருந்து முழு கூப்பன். ஸ்டாண்டு உயரம் மாத்தக்கூடியதா செஞ்சாச்சு. சூடான ராடு தவிர வேற அடிக்கக்கூடாதுன்னு அவனுக்கே சொல்லிட்டேன், "யார் குடுத்தாலும் வாங்காத, என் பேரைச் சொல்லு".

மூணாவது டெஸ்ட்

11வது வாரம் முடியற சனிக்கிழமை. கஸ்டமர் இன்ஸ்பெக்டர் முன்னாடி. உக்கார்றதுக்கு முன்னாடி பையன் வெள்ளை கிளாஸை மாத்துனான், கேப்பை 3 மில்லி கம்பி வச்சு நாலு இடத்துல பார்த்தான், ஃபிட்டர் அண்ணன் கிட்ட "இந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்கமா இருக்குண்ணே"ன்னு சொல்லி திறக்க வச்சான். எக்ஸ்ரே சுத்தம்னு சொல்ல முடியாது, 4 மணி பக்கம் ஒரு சின்ன குமிழ் ஓட்டை இருந்துச்சு, லிமிட்டுக்குள்ள. இந்த தடவை பெண்டும் பார்த்தோம், நாலு பட்டை. மூணு கண்ணாடி மாதிரி. நாலாவதுல ஒரு ஓரத்துல ஒரு மில்லி அளவு ஒரு திறப்பு. பாஸ். நோட்டுல அது 64வது வரி.

எட்டு மாசத்துல அஞ்சு, 11 வாரத்துல ரூட் மட்டும் அடிச்சதையும் சேர்த்து 64. ஒரே ஒரு பையனை வச்சு பெரிய முடிவுக்கு வரக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். எது எவ்வளவு உதவுச்சு, கிளாஸா, ஸ்டாண்டா, எண்ணிக்கையான்னு பிரிச்சு சொல்லவும் முடியாது, எல்லாத்தையும் ஒண்ணாதான் மாத்தினோம். என்னை கேட்டா கிளாஸும் எண்ணிக்கையும்தான் பெருசு.

பசங்களுக்கும் ரெண்டு விஷயம் சொல்லிடறேன், இதை யாரும் ஐடிஐல சொல்றதில்ல. ஆஸ்மி (ASME) கோடுப்படி, அதாவது அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் சங்கத்தோட விதிப்படி, இந்த தகுதி அந்தக் கம்பெனியோட ரெக்கார்டுல இருக்கறது, வேற கம்பெனிக்குப் போனா பெரும்பாலும் மறுபடி டெஸ்ட் அடிக்கணும், அதனால சர்டிஃபிகேட்டை பெட்டியில பூட்டி வச்சா போதும்னு நெனைக்காதீங்க. அப்புறம் அந்த பிராசஸ்ல ஆறு மாசம் வெல்டே அடிக்கலன்னா தகுதி காலாவதி ஆயிடும். பாஸ் ஆனதும் மறுபடி கிரைண்டிங்ல போட்டுட்டா ஆறாவது மாசம் நீங்க திரும்ப ஹெல்பர்தான். அப்ரென்டிஸா சேர்றப்பவே, "மாசம் எனக்கு எத்தனை கூப்பன் குடுப்பீங்க, வெட்டிக் காட்டுவீங்களா"ன்னு மரியாதையா கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

எங்க ஷெட்ல இப்ப புதுசா ரெண்டு அப்ரென்டிஸ், ஒருத்தன் துறையூர், ஒருத்தன் மணப்பாறை. ஒருத்தருக்கு மாசம் 20 கூப்பன்னு ஓனர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. முதல் மாசம் ரெண்டு பேருக்கும் 20 ஆச்சு, நம்ம லால்குடி பையன்தான் சாயங்காலம் கூட நின்னு பார்த்துக்கிட்டான். இந்த மாசம் அவசர ஆர்டர் ஒண்ணு வந்து ரெண்டு பேரையும் கிரைண்டிங்ல இழுத்துட்டாங்க, 22ம் தேதி ஆகுது, ஆளுக்கு ஏழுதான் ஆகிருக்கு. மீதி 13ஐ கேக்க நாளைக்கு காலையில ஓனர் ரூமுக்குப் போறேன், நோட்டோட.